மிதித்த கால்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். நீயும் மச்சானும் எப்படி இருக்கீங்க? போன கடிதத்துல உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்துச்சு. பாதி படிக்கவே முடியலை. ஒர்க்‌ஷாப்ல வேலை ஜாஸ்தியா, இல்லை இவனுக்கு இது போதும்னு விட்டுட்டியா?

இங்கே குவாரியில எனக்கு ஒரு தலைவலி. நான் ஓட்டுற பிக்கப் வேன் ஆளுங்களை ஏத்திக்கிட்டு மேடு ஏறும்போது திடீர்னு செத்துப்போகுது. எஞ்சின் நிக்கலை, ஓடிக்கிட்டுதான் இருக்கு. ஆனா ஆக்சிலேட்டரைத் தரையோட தரையா மிதிச்சாலும் சட்டை பண்ணாம முனகுது. மீட்டர்ல மஞ்சள் விளக்கு வேற. அணைச்சுட்டுத் திரும்பப் போட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஜம்முனு போகுது.

போன வாரம் வண்டி நிறைய ஆளு. பாதி மேட்டுல இப்படி ஆகி, பின்னால உருள ஆரம்பிச்சிருச்சு. ஹேண்ட் பிரேக்கை இழுத்த இழுப்புல தோள்பட்டை இன்னும் வலிக்குது. ஒருத்தன் பயந்துபோய் குதிச்சு, முழங்கால் சில்லு பேந்து கிடக்கிறான். எலும்பு வெள்ளையா வெளியே தெரிஞ்சுது. ஸ்டோர்கீப்பர் நிதானமா வந்து, "ஓட்டத் தெரியாதவன்கிட்ட வண்டியைக் கொடுத்தா இப்படித்தான்"னான். பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

உன்னை விட்டா எனக்கு எந்த வண்டி எலக்ட்ரீசியன் இருக்கான்? இங்கே போன் எடுக்காது. கல் லாரிக்காரர்கிட்டதான் தபால் கொடுத்தனுப்பணும். என்ன பார்க்கணும்னு விவரமா எழுது. உடம்பைப் பார்த்துக்கோ.

உன் தம்பி


ஜனவரி 21

என் முரட்டுத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் தோள்பட்டைக்குச் சுடுதண்ணி ஒத்தடம் கொடு. கையெழுத்தைப் பத்தி நக்கல் பண்ணாதே. வலது கை மேல ஒரு காரோட பானெட் விழுந்துடுச்சு. கட்டுப் போட்டிருக்கு. இது இடது கையால எழுதினது, அதுக்கு இது அழகுதான். இனிமே வீட்டுக்கு எழுதாதே, ஒர்க்‌ஷாப்புக்கே எழுது. சீக்கிரம் கிடைக்கும்.

உன் வேன் விஷயம். அதுல ஆக்சிலேட்டர் கேபிளே கிடையாது. நீ பெடலை எவ்வளவு மிதிக்கிறேங்கிறதை ஒரு சென்சார் பார்த்து, வண்டி கம்ப்யூட்டருக்குச் சொல்லுது. ஒண்ணு சொன்னா நம்ப முடியாதுன்னு பெடலுக்குள்ளேயே ரெண்டு வெச்சிருக்கான். ரெண்டும் ஒரே கதையைச் சொல்லணும். ஒண்ணு மாத்திச் சொன்னா கம்ப்யூட்டர் ரெண்டையுமே நம்பாது. எதுக்கு வம்புன்னு எஞ்சினை அடக்கி வெச்சுடும். நீ சொல்றதைப் பார்த்தா அதுதான் தோணுது. ஆனா தோணுதுங்கிறதுக்காக எதையும் கழட்டிப் போட்டுடாதே. அளந்து பார்க்கணும்.

முதல்ல பெடலுக்கு மேல இருக்கிற பிளக்கைக் கழட்டி, உள்ளே பச்சையா பூத்திருக்கா, எந்த முள்ளாவது வளைஞ்சிருக்கான்னு பாரு. திரும்ப மாட்டு. சாவியைப் போடு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதே. ஆறு வயர் இருக்கும். ரெண்டுல அஞ்சு வோல்ட் வரணும், ரெண்டு எர்த். மீதி ரெண்டும்தான் சென்சார் பேசுற வயர். மீட்டரை ஒவ்வொண்ணுலயும் வெச்சுக்கிட்டு பெடலைக் கையால மெதுவா, ரொம்ப மெதுவா அழுத்து. ஒரு வயர்ல, முக்கால் வோல்ட்டுல ஆரம்பிச்சு நாலு கிட்ட ஏறணும். இன்னொண்ணு எப்பவும் அதுல பாதி. நடுவுல குதிச்சாலோ விழுந்தாலோ எந்த இடத்துலன்னு பார்த்து வை.

அவசரப்படாதே. உனக்கு எல்லாத்துலயும் அவசரம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கட்டுப் பிரிச்சாச்சா?

நீ சொன்ன மாதிரியே பார்த்தேன். பிளக் சுத்தமா இருக்கு. அஞ்சு வோல்ட் வருது. முதல் சென்சார் வழுக்கிக்கிட்டு ஏறுது, குறையே இல்லை. ரெண்டாவதுதான் பித்தலாட்டம் பண்ணுது. பாதி அழுத்தின இடத்துல பொத்துனு சைபருக்கு விழுந்து, தாண்டினதும் மறுபடி ஏறுது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன், அதே இடம். திருடனைக் கையும் களவுமா பிடிச்ச மாதிரி சந்தோஷமா இருந்துச்சு. ஸ்டோர்கீப்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உன் அக்கா மெக்கானிக்குன்னா நீயும் மெக்கானிக்கா? பொம்பளை பேச்சைக் கேட்டு வண்டி ரிப்பேர் பாக்குறான் பாரு"ன்னு நாலு பேர் முன்னால சிரிச்சான். அப்புறம் அவனால சிரிக்க முடியலை. மூக்கு எலும்பு உடைஞ்சது என் கைக்கே கேட்டுச்சு. அவன் சட்டை முன்பக்கம் முழுக்கச் சிவப்பு. விலக்கிவிட்டாங்க, இல்லைன்னா இன்னும் ரெண்டு விழுந்திருக்கும்.

சரி, அதை விடு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். பானெட்டுக்கு முட்டுக் கொடுக்காம நீ கையை உள்ளே விட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்கு வேலை கத்துக் கொடுத்தப்ப, அதுக்காகவே என் மண்டையில கொட்டினவ நீ. மச்சான் கை வெச்சாரா? ஆமா, இல்லை. ஒரே வார்த்தை எழுது போதும்.

உன் தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

இங்கே யாவரும் நலம். கட்டுப் பிரிச்சாச்சு, பார், கையெழுத்து திரும்பி வந்துடுச்சு.

நீ அளந்தது கச்சிதம். சென்சார் உள்ளே தேய்ஞ்சுபோயிருக்கு. அதை மட்டும் தனியா மாத்த முடியாது, பெடலோட சேர்த்துதான் வரும். நானே ஆர்டர் போட்டுட்டேன். மார்ச் கடைசியில வண்டியை இங்கே எடுத்துட்டு வா, மாட்டித் தர்றேன். அதுவரைக்கும் ஆளு ஏத்தாதே. மேட்டுப் பக்கமே போகாதே.

ஸ்டோர்கீப்பரை அடிச்சதைப் பெருமையா வேற எழுதியிருக்கே. அவன் மூக்கு எலும்பு உடைஞ்சதை நீ எழுதின விதம் இருக்கே, எனக்குப் படிக்கப் பிடிக்கலை. சின்ன வயசுல பக்கத்து வீட்டுக்காரனைக் கல்லால அடிச்சுட்டு வந்து இதே மாதிரிதான் கண்ணு மின்ன நின்னே. போய் அவன்கிட்ட மன்னிப்புக் கேளு.

நீ வரும்போது உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நல்ல விஷயம்தான். நேர்ல சொல்றேன். வழியில பார்த்து ஓட்டு. மழை பெஞ்சா நிறுத்திட்டு இரு.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

சப்-ஜெயில்லேர்ந்து எழுதுறேன். இங்கே கடிதத்தைப் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் அனுப்புவாங்க. நீ எப்படி இருக்கே? தலையில பட்ட அடி ஆறிடுச்சா? ஸ்கேன் எடுத்தாங்களா?

போலீஸ்கிட்ட நடந்ததைச் சொல்லிட்டேன். உனக்கும் தெரியணும்னு எழுதுறேன். பெடல் மாத்தத்தான் வண்டியை எடுத்துட்டு வந்தேன். ஒர்க்‌ஷாப் கேட்டுக்குள்ள திரும்பினேன். மச்சான் உன் முடியைப் பிடிச்சு, நிறுத்தியிருந்த கார் மேல உன் தலையை மோதிக்கிட்டு இருந்தார். உன் ஒர்க்‌ஷாப் மேஸ்திரி ஓடி வந்துக்கிட்டு இருந்தார். உன்னை உதறிவிட்டுட்டு மச்சான் சுவத்துப் பக்கம் நகர்ந்தார். அப்ப வண்டி தானா சீறிப்போய் அவரைச் சுவத்தோட மோதிடுச்சு. பிரேக் மிதிச்சும் நிக்கலை. ஆக்சிலேட்டர் சென்சார்ல கோளாறு இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியும், எனக்கும் தெரியும். உன் கடிதமெல்லாம் குவாரி ரூம்ல பத்திரமா இருக்கு. வக்கீல், அது ஒண்ணே போதும்கிறார். நீ வந்து இந்தக் கோளாறால வண்டி சீறும்னு ஒரு வார்த்தை சொல்லணும். உன் பேச்சு எடுபடும், நீ அந்த வேலை பாக்குறவ.

உடனே பதில் போடு.

உன் தம்பி


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

நலமான்னு கேக்கக்கூடப் பயமா இருக்கு. கடிதம் கிடைக்கலையா? மேஸ்திரிகிட்ட கேட்டா நீ வேலைக்கு வர்றதில்லைன்னு சொன்னாராம், வக்கீல் சொன்னார்.

இங்கே தண்ணிக் குழாய்கிட்ட ஒரு சண்டை. மூணு பேர் சேர்ந்து என் முகத்தைச் சிமெண்ட் தொட்டி விளிம்புல வெச்சு அழுத்தினாங்க. முன்பல்லு ஒண்ணு போச்சு, இன்னொண்ணு ஆடுது. தண்ணி குடிச்சா ஜிவ்வுனு இழுக்குது. நான் ஒருத்தன் காதைக் கடிச்சுட்டேன். தனி ரூம்ல போட்டிருக்காங்க. இதை ஏன் உனக்கு எழுதுறேன்னு தெரியலை. நீ கொட்டினாக்கூடப் பரவாயில்லை, ஒரு வரி எழுதேன்.

உன் தம்பி


மே 6

தம்பிக்கு,

உன் ரெண்டு கடிதமும் கிடைச்சுது. பல்லுக்கு உப்புத் தண்ணியில வாய் கொப்பளி. ஜெயில் டாக்டரைப் பாரு. எனக்குத் தலையில தையல் பிரிச்சாச்சு, காதுல மட்டும் இரைச்சல் இருக்கு.

இதை வார்டன் படிப்பார்னு தெரியும். படிக்கட்டும்.

வேனைச் சோதிக்க அதிகாரி வந்தப்ப மேஸ்திரி என்னையும் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போனார். அந்த அதிகாரி கெட்டிக்காரர். நீ அளந்த மாதிரியே அளந்தார். ரெண்டாவது சென்சார் அதே இடத்துல விழுந்துச்சு. "இந்தக் கோளாறு வந்தா வண்டி அடங்கும், சீறாது. சரிதானேம்மா?"ன்னு என்னைக் கேட்டார். நான் சரின்னு சொன்னேன். வேற என்ன சொல்லச் சொல்றே? ஜனவரி மாசமே உனக்கு அதைத்தானே எழுதினேன்?

நீ முழுசா மிதிச்சே. வண்டி பாதியில அடங்கிடுச்சு. அந்தத் தேய்ஞ்சுபோன பெடலாலதான் அவர் உயிரோட இருக்கார். இல்லைன்னா சுவத்துலேர்ந்து சுரண்டித்தான் எடுத்திருக்கணும். நான் தரையில கிடந்தேன், கண்ணு ரெண்டும் திறந்துதான் இருந்துச்சு. கண்ணாடி வழியா உன் முகம் தெரிஞ்சுது. பம்பருக்கும் சுவத்துக்கும் நடுவுல அவர் இடுப்பு நெரியுது, அவர் வாயிலேர்ந்து சத்தம்கூட வரலை, நீ காலை எடுக்கலை. எஞ்சின் முனகிக்கிட்டே இருந்துச்சு. மேஸ்திரி ஜன்னல் வழியா கையை விட்டுச் சாவியைப் பிடுங்கினப்புறம்தான் நின்னுச்சு. அதுக்கப்புறமும் வீல் ஸ்பேனரை எடுத்துக்கிட்டு இறங்கினே. நாலு பேர் உன்னைப் படுக்கப்போட்டு மேல உக்கார வேண்டியதாப் போச்சு.

நேர்ல சொல்றேன்னு ஒரு விஷயம் எழுதியிருந்தேனே. வேற ஊர்ல ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புல வேலை கிடைச்சிருந்துச்சு. ரூம் பார்த்து, சாவியும் வாங்கிட்டேன். ஏப்ரல் மாசம் கிளம்புறதா இருந்தேன். வேலையை விடுறேன்னு மேஸ்திரிகிட்ட சொன்னது எப்படியோ இவர் காதுக்குப் போய்தான் அன்னிக்கு அங்கே வந்தார். இன்னும் கொஞ்ச நாள், தம்பி. நான் என் காலாலேயே நடந்து போயிருப்பேன்.

இப்ப எங்கே இருக்கேன் தெரியுமா? அதே வீட்டுல. அவருக்கு இடுப்பும் தொடையும் உடைஞ்சு, கம்பி வெச்சுப் படுக்கையில கிடக்கார். அவங்க ஆளுங்க யாரும் எட்டிப் பாக்கலை. பெட்பேன் வைக்கிறதும் துடைக்கிறதும் நான்தான். "உன் தம்பி பண்ணினதுக்கு நீயே செய்"னு ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டுட்டாங்க. நீ என்னைக் காப்பாத்தினேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கே. என்னைக் கொண்டுவந்து இந்தக் கட்டிலோட கட்டிப்போட்டுட்டே.

வக்கீல்கிட்ட சொல்லிடு. நான் பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா


மே 20

அக்காவுக்கு,

நீ நல்லா இருக்கியான்னு இந்தத் தடவை கேக்கலை.

ஆமா, மிதிச்சேன். போதுமா? வார்டன், நீங்களும் படிச்சுக்கோங்க. என் அக்கா தலை இரும்புல மோதுற சத்தம் எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டுச்சு. அவன் கையில உன் முடி கொத்தா இருந்துச்சு. என்ன பண்ணியிருக்கணும்? ஹார்ன் அடிச்சிருக்கணுமா? அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சான் அக்கா. நீ தரையில கிடந்தே, உனக்கு அது தெரியாது. அந்தச் சிரிப்பை நசுக்கணும்னுதான் மிதிச்சேன். வண்டி அடங்கினப்ப நான் அழுதேன். பத்தலையேன்னு அழுதேன்.

நீ அவனுக்குப் பீ அள்ளுறே. எனக்காகப் பொய் சொல்ல மாட்டே. நல்லா இருக்கு நியாயம். பிப்ரவரியிலேயே ஆமான்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அப்பவே வந்து ஒழுங்கா முடிச்சிருப்பேன். ஏன் எழுதலை? அதை மட்டும் சொல்லு.

தம்பி


ஜூன் 17

தம்பிக்கு,

சுகமா இருக்கியா? ஆடின பல்லு நின்னுச்சா? நான் சுகம். மேலே இருக்கிற முகவரியைப் பாரு, புது ஊர்.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். ஒருநாள் மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தேன். சூடா இருக்குன்னு ஊன்றுகோலை எடுத்து வீசினான். வாயில பட்டு உதடு கிழிஞ்சுது. இடுப்பை அசைக்க முடியாது, கை மட்டும் நல்லா வேலை செய்யுது. நான் அந்தக் கோலை எடுத்து அவன் தலைக்கு மேல ஓங்கினேன். ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டு, "வேணாம், வேணாம்"னு சின்னப்பிள்ளை மாதிரி கத்தினான். எனக்கு இனிச்சுது தம்பி. உதட்டு ரத்தம் நாக்குல பட்டுக்கிட்டு இருக்கு, மனசு குளுகுளுன்னு இருக்கு. ஒரு அடி, அந்தக் கம்பி வெச்ச இடத்துல ஒரே ஒரு அடி போட்டா போதும்னு இருந்துச்சு. அப்ப எனக்கு உன் முகம் ஞாபகம் வந்துச்சு, கண்ணாடி வழியா பார்த்த முகம். என் முகமும் இப்ப அப்படித்தான் இருக்கும்னு தோணுச்சு.

கோலை ஜன்னல் வழியா தெருவுல எறிஞ்சேன். அவன் அண்ணனுக்குப் போன் பண்ணி, "உங்க தம்பி கட்டில்ல இருக்கான், கதவு திறந்து இருக்கு, நான் கிளம்பிட்டேன்"னு சொன்னேன். அவர் ஏதோ கத்த ஆரம்பிச்சார். வெச்சுட்டேன். டூல்ஸ் பெட்டியையும் ரெண்டு புடவையையும் எடுத்துக்கிட்டு பஸ் ஏறினேன். அந்தப் பெரிய ஒர்க்‌ஷாப்காரர் இன்னும் ஆள் போடாம வெச்சிருந்தார்.

கோர்ட்டுல எல்லாத்தையும் சொல்லப்போறேன். பெடல் கோளாறு என்ன பண்ணும், என்ன பண்ணாதுங்கிறதையும் சொல்வேன். அவன் என்ன பண்ணினான்கிறதையும் சொல்வேன். உனக்குத் தண்டனை கிடைக்கும். எனக்குத் தெரிஞ்சுதான் செய்யறேன்.

நீ கேட்டதுக்குப் பதில் இப்ப வேண்டாம்.

அக்கா


செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுறேன். உடம்புக்கு ஒண்ணும் இல்லை. பல்லு நின்னுருச்சு. உனக்குக் காது இரைச்சல் எப்படி இருக்கு? பெரிய ஜெயிலுக்கு மாத்திட்டாங்க. அஞ்சு வருஷம்னு நீயும் கேட்டிருப்பே. அவன் மேலயும் கேஸ் போட உத்தரவு போட்டாரு ஜட்ஜ். அவன் சக்கர நாற்காலியில உக்காந்து அதைக் கேட்டப்ப எனக்குச் சந்தோஷம் வரும்னு நினைச்சேன். பெருசா ஒண்ணும் வரலை.

நீ கூண்டுல நின்னதை நினைச்சுக்கிட்டே இருக்கேன். குரல் நடுங்கலை. கார் ரிப்பேர் சொல்ற மாதிரி சொன்னே. வலது கையைக் கதவிடுக்குல வெச்சுச் சாத்தினான், விலா எலும்பு உடைஞ்சுது, வயித்துல உதைச்சான், அந்தக் குழந்தை தங்கலை. குழந்தை விஷயம் எனக்கு அங்கே வெச்சுத்தான் தெரியும். பக்கத்துல நின்ன போலீஸ்காரர் என் தோளை அழுத்திப் பிடிச்சார். பிடிக்கலைன்னா கூண்டைத் தாண்டியிருப்பேன். அதையும் மறைக்காம எழுதுறேன்.

அப்புறம் ஜட்ஜ் கேட்டார், "இத்தனை வருஷமா ஏம்மா யார்கிட்டயும் சொல்லலை? தம்பி இருக்காரே, அவர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

நீ என்னைப் பார்க்கலை. ஜட்ஜைப் பார்த்துச் சொன்னே. "அவன்கிட்ட சொன்னா கொன்னுடுவான்னு பயந்தேங்க. புருஷன் அடிக்கிற நேரம் எனக்குத் தெரியும். தம்பி எப்ப அடிப்பான்னு எனக்குத் தெரியாது."

நான் கேட்டதுக்குப் பதில் கிடைச்சிருச்சு.

அன்னிலேர்ந்து அதுதான் ஓடுது. உன் கையெழுத்து கோணினப்ப, எனக்குத் தெரியக்கூடாதுன்னு பானெட் மேல பழியைப் போட்டிருக்கே. உதை வாங்கினதையும் மறைச்சு, என்னையும் சமாளிச்சு, ரெண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துக் காலை வெச்சிருக்கே. நான் என்னமோ நீ அவன் ஒருத்தனுக்குத்தான் பயந்தேன்னு நினைச்சேன்.

மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை பார்க்க வரலாம்னு இங்கே விட்டிருக்காங்க. பஸ்ஸை விட்டு இறங்கினா எதிர்லயே கேட்டு. வரணும்னு கட்டாயம் இல்லை. வந்தா நடுவுல கம்பி வலை போட்டிருக்கும், விரல்கூட நுழையாது. பயப்படாம வா.

உன் தம்பி